ஹாம்பர்க் போய்ச் சேர்ந்த எங்கள் நான்கு தெருக்கள்

எங்கள் அம்மாவிடம் ஒரு கையெழுத்து வாங்கி வருவதற்காக ஒரு ஜெர்மன் நிறுவனம் எனக்கு விமான டிக்கெட் எடுத்துக் கொடுத்தது. அம்மா தன் பெயரை எழுதப் பழகியதே நான் ஆறாம் வகுப்புப் படித்தபோது, என் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில்தான். அந்தக் கையெழுத்துக்கு இவ்வளவு மரியாதையா என்று பூரித்துக்கொண்டு ஹாம்பர்க்கிலிருந்து ராயபுரம் வரைக்கும் வந்தேன். அந்தப் பூரிப்பை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹாம்பர்க்கில் நான் படிப்பது அறிவுசார் சொத்துரிமைச் சட்டமும் தகவல் சட்டமும். முதுகலை. பல நாடுகளிலிருந்து வந்தவர்கள் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறோம். அவர்களில் பாதிப் பேருக்கு அப்பா வக்கீல், இல்லாவிட்டால் தாத்தா வக்கீல். என் அப்பா லாஞ்சில் வலை இழுக்கிறவர். போனால் பத்து நாள் கழித்துத்தான் கரை திரும்புவார். அம்மா லூர்தம்மா கூடையில் மீன் சுமந்து நான்கு தெருக்களில் விற்கிறவள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் படித்து முடித்த முதல் ஆள் நான். முதல் நாள் வகுப்பிலேயே எழுந்து நின்று இதைச் சொன்னேன். வெட்கப்பட்டுச் சொல்லவில்லை.

முதல் பருவத்தில் ஒரு செய்முறை வேலை கொடுத்தார்கள். ஏதாவது ஒரு தொழிலைப் பற்றிய தகவல்களைத் திரட்டிப் பட்டியல் போட வேண்டும். அது சட்டப்படி யாருடையது என்று வாதாட வேண்டும். ஐரோப்பாவில் இதற்கென்றே தனிச் சட்டம் இருக்கிறது. பாடுபட்டுத் திரட்டியவருக்கே பட்டியல் சொந்தம். மற்றவர்கள் அருங்காட்சியகம், ரயில் நேரம் என்று போனார்கள். என்னிடம் இருந்தது ஒரு டெலிபோன் கார்டும் அம்மாவும்தான். நான்கு ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டு எழுதினேன். எந்தத் தெருவில் எந்தக் கதவு எண் வீட்டில் என்ன மீன், எந்தக் கிழமையில் கவுச்சி ஆகாது, யார் மாசமாக இருக்கிறாள், யாருக்கு நெஞ்சுவலி வந்து நண்டு கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். "எழுதிக்கினியா? இரு இரு, எதிர் வூட்ட வுட்டுட்டேன்" என்று அம்மா மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனாள். மகள் படிப்புக்குத் தானும் கை கொடுக்கிறோம் என்கிற சந்தோஷம் அவளுக்கு. நூற்றுப் பன்னிரண்டு வீடு. வகுப்பில் அதிக மதிப்பெண் எனக்குத்தான்.

எனக்கு உதவித்தொகை தருவது, மீனைக் குளிரூட்டி ஊர் ஊராக விற்கிற ஒரு நிறுவனம். அவர்கள் என் பட்டியலைப் படித்துவிட்டு வியந்துபோனார்களாம். 'ஆய்வுக்காக' வைத்துக்கொள்ள ஆசைப்பட்டார்கள். கோப்பில் அம்மாவின் சம்மதக் கையெழுத்து ஒன்றுதான் குறை என்று ஏழு பக்கப் படிவத்தைக் கையில் கொடுத்தார்கள். அங்கே பயிற்சியில் இருந்த என் வகுப்புத் தோழி கத்ரினையும் துணைக்கு அனுப்பினார்கள்.

சனிக்கிழமை காலை இறங்கினோம். பாரிமுனை வரைக்கும் டாக்சி ஒழுங்காக வந்தது. அதற்கு அப்பால் கன்டெய்னர் லாரிகள். துறைமுகத்துக்குள் போக வேண்டிய லாரிகள் எங்கள் சாலையில் நாள் கணக்கில் நிற்கும். டிரைவர்கள் வண்டிக்கடியிலேயே ஸ்டவ் பற்றவைத்துச் சோறு வடிப்பார்கள். "ஏதாவது விபத்தா?" என்று கேட்டாள் கத்ரின். "இல்லை, சனிக்கிழமை" என்றேன். டாக்சிக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். "யம்மா, நீ வூட்டாண்ட போய் எறங்கறதுக்குள்ள வெள்ளக்காரம்மா விசா முடிஞ்சிடப் போவுது. நடந்தா சீக்கிரம் போவலாம்."

நடந்தோம். கத்ரினுடைய பெட்டியின் சக்கரம் ஒன்று சாக்கடை மூடியின் இடுக்கில் மாட்டி அங்கேயே நின்றுவிட்டது. ஹாம்பர்க்கும் துறைமுகம்தான், எங்களுடையதைவிடப் பெரியது. அங்கே தண்ணீரை ஒட்டி மரம் வைத்த நடைபாதை உண்டு. வயதானவர்கள் கப்பலை வேடிக்கை பார்க்க பெஞ்சுகூட உண்டு. எங்களுக்குத் துறைமுகம் கொடுத்தது லாரிப் புகையும் நிலக்கரித் தூசியும். வெள்ளைச் சட்டையைக் கொடியில் போட்டால் சாயங்காலம் சாம்பல் நிறத்தில் எடுக்கலாம். என் பள்ளிக்கூடச் சட்டை எப்போதுமே அழுக்கு என்று என்னை முட்டிபோட வைத்த டீச்சருக்குத் தூசி எட்டாத அடையாறில் வீடு.

அம்மா காணாங்கத்தைக் குழம்பு வைத்திருந்தாள். கத்ரின் தட்டை மெல்லத் தள்ளிவைத்து, மீன், கறி எதுவும் தான் சாப்பிடுவதில்லை என்றாள். நான் தமிழில் சொன்னேன்.

"மீனு துன்ன மாட்டாளா? மீனு கம்பெனில வேலன்னு சொன்ன?"

"ஆமாம்மா. அங்கதான்."

"இன்னா கம்பெனிடி அது!" என்று சிரித்தாள் அம்மா. பிறகு மனம் கேட்காமல் வாழைக்காய் வறுத்து, அப்பளம் பொரித்து, தயிர் வாங்கிவரச் செய்து கத்ரினைத் தின்னவைத்தாள். "பாவம்டி, எலும்பும் தோலுமா கீது."

சாயங்காலம் படிவத்தை விரித்தேன். அம்மா அதைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "நீ போடுன்னா போடறேன். ஆனா நாளிக்கு எங்கூட தெருவுக்கு வா. ஒரு மாசமா ஒண்ணும் சரியில்ல. இன்னா ஏதுன்னு பாரு."

"போன்ல ஏம்மா சொல்லல?"

"நீ படிச்சினுகீற. ஒன்ன எதுக்கு பேஜாரு பண்ணணும்."

ஞாயிறு விடிவதற்குள் காசிமேட்டில் இருந்தோம். ஹாம்பர்க்கிலும் ஞாயிற்றுக்கிழமை விடியலில் மீன் சந்தை கூடும். வியாபாரி வண்டிமேல் ஏறி நின்று தொண்டை கிழியக் கத்துவான். புகையில் வாட்டிய விலாங்கு மீனைக் கூட்டத்துக்குள் வீசுவான். சுற்றுலாக்காரர்கள் படம் எடுத்துக் கைதட்டுவார்கள். அங்கே கத்தினால் அது வித்தை. இங்கே கத்தினால் 'மீன்காரி மாதிரிக் கத்தாதே'. இதை என் கல்லூரியில் ஒருத்தி என்னிடமே சொன்னாள், நான் யார் மகள் என்று தெரியாமல்.

அம்மா ஏலத்துக்குள் புகுந்து சங்கராவையும் நெத்திலியையும் பிடித்தாள். "யோவ், மீன விக்கிறியா, ஐஸ விக்கிறியா? கீழ கையவுட்டுப் பாத்தா பூரா ஐஸாகீது!" ஏலக்காரர் பதிலுக்கு, "லூர்தம்மா, ஒம் பொண்ணு வக்கீலாமே, கேஸ் போட்றாத" என்றார். சுற்றிலும் சிரிப்பு. எனக்குக் கழுத்து நிமிர்ந்தது.

பஸ்ஸில் ஏறினோம். கண்டக்டர் கூடையைப் பார்த்ததும் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "மீன் கூடையா? எறங்கு எறங்கு. மத்தவங்க வரவேணாமா?"

"இந்த மத்தவங்கல்லாம் மத்தியானம் இன்னா துன்னுவாங்க, பூவா?" என்றாள் அம்மா. பஸ்ஸே சிரித்தது. சிரித்துவிட்டு எங்களை இறக்கிவிட்டுப் போனது. மீனை பஸ்ஸில் ஏற்றக் கூடாது என்று சட்டம் இருக்கிறதா என்று கத்ரின் கேட்டாள். சட்டம் இல்லை, மூக்குதான் இருக்கிறது என்றேன். ஹாம்பர்க் ரயிலில் ஆளுயர நாய் ஏறும், சைக்கிள் ஏறும், ஊறவைத்த பச்சை மீனை ரொட்டியில் வைத்துக் கடித்துக்கொண்டே ஆட்கள் ஏறுவார்கள். ஒருவரையும் இறக்கிவிட்டு நான் பார்த்ததில்லை. ஷேர் ஆட்டோவில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு போனோம்.

அம்மாவின் தெருக்கள் என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். எங்கள் பெண்களில் ஒருத்தியின் தெருவை இன்னொருத்தி மிதிக்கமாட்டாள். பத்திரம் இல்லை, பலகை இல்லை. ஆனால் காசிமேட்டில் கேட்டால் எந்தத் தெரு யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும். ஒருத்தி படுத்துவிட்டால் இன்னொருத்தி அவளுக்காகப் போவாள். அவள் எழுந்ததும் திருப்பிக் கொடுப்பாள். கொடுக்கும்போது வெறும் தெருவைக் கொடுக்கமாட்டாள். யார் வீடு மாறினார்கள், யாருக்குக் குழந்தை பிறந்தது, யாருக்குச் சர்க்கரை வந்தது என்று எல்லாவற்றையும் ஒப்பித்துத்தான் கொடுப்பாள். அம்மாவுக்குக் கர்ப்பப்பை எடுத்தபோது அவளுடைய சிநேகிதி கன்னியம்மா இரண்டு மாதம் இந்த நான்கு தெருக்களையும் வைத்திருந்து அப்படித்தான் திருப்பிக் கொடுத்தாள். இதற்குச் சட்டப் புத்தகத்தில் உரிமம் என்று பெயர். எங்கள் வகுப்பில் அதை நடத்த ஒன்பது வாரம் ஆனது.

அம்மாவுக்கு அந்த வீட்டுக்காரர்கள் யாருடைய பெயரும் தெரியாது. கேட்பது மரியாதை இல்லை என்பாள். அவளே பெயர் வைத்துக்கொள்வாள். மாடி குண்டம்மா, வெத்தலை ஆயா, கஞ்சப்பையன் வூடு. மூன்றாவது தெருவில் ஒரு வீடு, சுத்த சைவம். மருமகள் மட்டும் மீன் தின்று வளர்ந்தவள். காதலித்துக் கட்டிக்கொண்டு வந்தவள். மாமியார் மத்தியானம் கண் அசரும்போது அம்மா பின்பக்கச் சந்து வழியாகப் போய் இரண்டு துண்டு வறுத்த மீனை இலையில் மடித்துக் கொடுப்பாள். அவளுக்கு அம்மா வைத்த பெயர் பின்கதவு அக்கா. போனில் அம்மா சொன்ன பெயர்களைத்தான் நான் ஆங்கில எழுத்தில் அப்படியே பட்டியலில் போட்டிருந்தேன். வேறு பெயர் எனக்கு ஏது?

அன்று ஞாயிற்றுக்கிழமை. எங்களுக்கு வாரத்திலேயே பெரிய நாள். "மீனே..." என்று அம்மா குரல் கொடுத்தால் ஜன்னல்கள் திறக்க வேண்டும். திறக்கவில்லை. "இன்னிக்கு வேணாம் லூர்தம்மா." "எங்க வீட்ல கவுச்சி இல்ல." அதைச் சொன்ன வீட்டிலிருந்தே மீன் வறுபடும் வாசனை வந்தது. சந்தில் போய்ப் பின்கதவைத் தட்டி அம்மா நின்றாள். உள்ளே பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. கதவு திறக்கவில்லை. கூடையில் பாதி மீன் மிஞ்சியது. "பாத்தியா? ஒரு மாசமா இதேதான்."

கத்ரினை அன்று சாயங்காலம் பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ தின்ன அழைத்துப் போனேன். பர்மாவிலிருந்து வந்தவர்கள் நடத்தும் தள்ளுவண்டி. நூடுல்ஸில் முட்டைக்கோஸும் பொரித்த வெங்காயமும் புளித்தண்ணீரும் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள், கூட வாழைத்தண்டு சூப். இரண்டு தட்டு சாப்பிட்டாள். "உன் ஊர் எனக்குப் பிடித்திருக்கிறது" என்றாள். அப்போது அது எனக்கும் பிடித்திருந்தது.

திங்கட்கிழமை இரண்டாவது தெருவில் மாடி குண்டம்மா எங்களைப் பால்கனியிலிருந்தே கூப்பிட்டார். ரிட்டயரான ஸ்கூல் டீச்சர். கையில் பளபளக்கும் ஒரு கடிதம்.

"ஏம்மா, நீதானே ஃபாரின்ல படிக்கிற பொண்ணு? இத கொஞ்சம் சத்தமா படி, ஊர் கேக்கட்டும்."

வாங்கிப் படித்தேன். ஆங்கிலத்தில் இருந்தது. 'டியர் மிஸஸ் மாடி குண்டம்மா, உங்களுக்குப் பிடித்த இறால், சுத்தம் செய்து, குளிரூட்டி, இனி உங்கள் வாசலிலேயே.' தாளின் தலையில் ஒரு நீல மீன். என் பையில் இருந்த ஏழு பக்கப் படிவத்தின் தலையிலும் அதே நீல மீன்.

"நான் குண்டுதான். அது எனக்கும் என் எடை மெஷினுக்கும் உள்ள விவகாரம். ஜெர்மனிக்கு எதுக்கும்மா சொன்னீங்க?"

அந்தக் கடிதம் எல்லா வீட்டுக்கும் வந்திருந்தது. கஞ்சப்பையன் வீட்டுக்கு 'டியர் மிஸ்டர் கஞ்சப்பையன்' என்று வந்திருந்தது. முதல் தெருவில், ஐந்து மாதம் முடியும்வரை அக்கம்பக்கத்துக்குத் தெரிய வேண்டாம் என்று ஒரு பெண் மறைத்து வைத்திருந்தாள்; அவளுக்குப் பிள்ளை பெற்றவர்களுக்கான பால்சுறாவைப் பற்றி எழுதியிருந்தார்கள். அதை வாசலில் நின்று உரக்கப் படித்தது பக்கத்து வீட்டுப் பெண். மூன்றாவது தெருவில், 'டியர் மிஸஸ் பின்கதவு அக்கா' என்று வந்த கடிதத்தை மாமியார் வாங்கி, அதில் எழுதியிருந்த வறுத்த வஞ்சிரத்தைப் பற்றி மகனிடம் கேட்டிருக்கிறார். கம்ப்யூட்டர் அச்சடித்திருக்கிறது. அச்சடித்ததைப் புரிந்துகொள்ள அங்கே ஒரு தமிழ் ஆள்கூட இல்லை. புரிந்துகொண்டவர்களுக்கு அது யார் வைத்த பெயர் என்று கேட்கத் தேவையே இருக்கவில்லை. தெருவில் அப்படிக் கூப்பிடும் வாய் ஒன்றுதான்.

கடிதத்தின் அடியில் இருந்த முகவரியைத் தேடி மெயின் ரோடு முனைக்கு நடந்தோம். அங்கே கண்ணாடிக் கதவு போட்டு, ஏசி போட்டு, நீல மீன் பலகையோடு கடை. வேலைக்கு இருந்த பெண் கையுறையோடு வந்து, கத்ரின் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்ததும் "குட் மார்னிங் மேடம்" என்றாள். கத்ரின் அட்டையைச் சட்டைக்குள் தள்ளினாள். அம்மா கண்ணாடிக்கு வெளியிலேயே நின்று உள்ளே அடுக்கியிருந்த மீனைப் பார்த்தாள். "செவுளு வெளுத்துப் போச்சி. மூணு நாள் மீனு" என்றாள். அவள் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை காசிமேட்டில் அதைக் கன்னியம்மா செய்தாள். ஏலம் முடிந்து பெண்கள் மீனைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு பேருக்கும் நடுவில் அம்மாவின் முன்னால் வந்து நின்றாள்.

"இன்னாமே லூர்து, தெருவ வெள்ளக்காரன்கிட்ட குடுத்துட்டியாமே? ரெண்டு மாசம் நான் வெச்சிருந்தேன். ஒருத்தி பேர வெளிய வுட்டிருப்பேனா? எம் புருசன்கிட்டகூட சொல்லலமே. ஒனுக்கு இன்னா வந்துது?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டு நெத்திலியைப் பிரித்தாள்.

"நான்தான் பெரியம்மா எழுதினேன்" என்றேன்.

"நீ எழுதின. வாய் அவுளுதுதான?" என்று என்னிடம் திரும்பினாள். "படிச்சவளாம். நாங்கெல்லாம் கைநாட்டு. ஆனா வாய மூட தெரியும்."

திரும்பும் வழியில் கத்ரினைக் கேட்டேன். பட்டியலை ஏற்கெனவே பயன்படுத்திவிட்டார்கள் என்றால் இப்போது எதற்குக் கையெழுத்து? கோப்பு முழுமையாக இருக்க வேண்டும், தணிக்கைக்கு வருவார்கள் என்றாள். அவளுக்கு இந்தக் கடிதங்கள் தெரியாது. அதை நான் நம்புகிறேன். அவை உண்மைப் பெயர்கள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள் என்றாள். நான் கத்தினேன். நட்டநடுச் சாலையில், லாரிகளுக்கு நடுவில், மீன்காரி மாதிரியே கத்தினேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "அவர்கள் செய்தது தவறு, ஜெசிந்தா. ஆனால் கொடுத்தது நீ."

இன்று வரைக்கும் அந்த வாக்கியத்தின் மேல்தான் எனக்கு அதிகமான கோபம், அதில் பிழையே இல்லை என்பதால்.

வீட்டில் அம்மா படிவத்தைக் கேட்டாள். "இப்ப இதுல கையெழுத்துப் போட்டா இன்னா ஆவும்?"

"இதுவரைக்கும் அவங்க பண்ணதெல்லாம் நீ சரின்னு சொல்லிப் பண்ணதா ஆயிடும்."

அம்மா தாளைத் தடவிப் பார்த்தாள். நல்ல கெட்டித் தாள். ஏழையும் நாலாக மடித்து, ஐஸ் தண்ணீர் ஒழுகாமலிருக்கக் கூடைக்கு அடியில் பரப்பினாள். கத்ரின் பார்த்துக்கொண்டிருந்தாள். புதன்கிழமை காலை அவள் ஊருக்குக் கிளம்பிவிட்டாள். அம்மா அவளுக்கு வழிக்கு எலுமிச்சம்பழச் சோறு கட்டிக்கொடுத்தாள்.

கத்ரின் போனதும் அம்மா சும்மாட்டுத் துணியை என் பக்கம் எறிந்தாள். "நீதான எழுதின. நீயே வந்து சொல்லு. வூடு வூடா."

புதன், வியாழன், வெள்ளி. தலையில் கூடை. ஜீன்ஸ் போட்ட மீன்காரியைப் பார்க்கத் தெருவில் பிள்ளைகள் பின்னாலேயே வந்தார்கள். எடை கழுத்தில் இறங்கி, முதுகில் இறங்கி, மூன்றாவது மணி நேரத்தில் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் போகிறது. இருபது வருடமாக அம்மா தூக்குவதை நான் பார்த்திருந்தேன். பார்த்ததோடு சரி.

ஒவ்வொரு வாசலிலும் ஒரே பேச்சு. நான்தான் எழுதினேன், அம்மா இல்லை, அழிக்க வழி இருக்கிறது. அப்போது இந்தியாவில் இதற்கென்று ஒரு சட்டமும் கிடையாது. எந்த நாட்டு ஆளாக இருந்தாலும் தன்னைப் பற்றிய தகவலை அழிக்கச் சொல்லிக் கேட்கலாம் என்று ஜெர்மன் சட்டத்தில் இருக்கிறது. அதற்கான கடிதங்களை பிரவுசிங் சென்டரில் டைப் செய்து வைத்திருந்தேன். உங்கள் உண்மைப் பெயரை எழுதி, பட்டியலில் இருக்கும் இன்ன பெயர் நான்தான் என்று குறிப்பிட்டு, கீழே கையெழுத்துப் போட வேண்டும்.

"அழிக்கறதுக்கும் பேரு எழுதணுமா?" என்று கேட்டார் வெத்தலை ஆயா. கேட்டுவிட்டு வெற்றிலையைத் துப்பினார். "மொதல்ல எம்பேரே அவங்கிட்ட இல்ல. இப்ப அத வேற குடுக்கணுமா?"

ஒன்பது வாரம் உரிமம் நடத்தினார்கள், பன்னிரண்டு வாரம் தகவல் பாதுகாப்பு நடத்தினார்கள். இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை.

கஞ்சப்பையன் வீட்டுக்காரர் அம்மாவை முறைத்தார். "நான் கஞ்சன்னு நீ சொன்னியா?"

"பின்ன இல்லியா? கால் கிலோ வாங்கிட்டு கிலோ மீனோட தலய சொம்மா கேக்கற ஆளு நீதான?" என்றாள் அம்மா. மன்னிப்புக் கேட்க வந்த இடத்தில் சண்டை வந்துவிட்டதே என்று நான் பதறினேன். அவர் சிரித்துவிட்டார். கையெழுத்துப் போட்டு, கால் கிலோ சங்கராவும் வாங்கினார். தலையும் கேட்டார்.

மாடி குண்டம்மா படித்துப் பார்த்து, என் ஆங்கிலத்தில் ஒரு பிழையைத் திருத்திக் கையெழுத்துப் போட்டார். மாசமாக இருந்த பெண் கதவைச் சாத்திவிட்டாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூன்று தெரு முடிந்தபோது ஒன்பது கையெழுத்து இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் மறுபடி மூன்றாவது தெருவின் சந்துக்குப் போனோம். மறுநாள் எனக்கு விமானம். அம்மா தட்டினாள். கொஞ்ச நேரம் கழித்துக் கதவு ஒரு கை அகலம் திறந்தது. பின்கதவு அக்காவை நான் அப்போதுதான் முதல் முறையாகப் பார்த்தேன். என்னைவிட மூன்று நான்கு வயதுதான் கூட இருப்பாள். அம்மாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

"நீதான் அவங்க பொண்ணா?"

"ஆமாக்கா. நான்தான் எழுதினேன். அம்மா இல்ல."

"அவங்க சொல்லாம நீ எப்படி எழுதின?"

நான் கடிதத்தை நீட்டி விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"அப்ப அந்தப் பின்கதவு அக்கா நான்தான்னு நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும்."

"ஆமாக்கா. அப்பதான் சட்டப்படி அழிப்பாங்க."

"யாரு படிப்பாங்க இத?"

"நான் மட்டும்தான் கையில எடுத்துட்டுப் போவேன்."

"உங்கம்மாவும் எனக்கும் அவங்களுக்கும் மட்டும்தான் தெரியும்னுதான் சொல்லியிருந்தாங்க" என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். உள்ளே தூங்குகிறவர் விழித்துவிடாதபடி கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். அதில் அவளுக்குப் பழக்கம் இருந்தது.

சந்தைவிட்டு வெளியே வந்ததும் அம்மா கேட்டாள். "அந்த லிஸ்ட்டுல ஒம் பேரு போட்டுகீதா?"

"மேலயே இருக்கும்மா. எழுதினவ பேரு."

"அப்ப ஒம் பேர வெச்சி அழிச்சிக்க முடியாதா? எதுக்கு அதுங்க பேரக் கேக்கற?"

நடுத்தெருவில் நின்றுவிட்டேன். பாடுபட்டுத் திரட்டியவருக்கே பட்டியல் சொந்தம். இதை எழுதித்தான் நான் முதல் மதிப்பெண் வாங்கினேன். சேரும்போது நான் கையெழுத்துப் போட்ட தாளில், மாணவர் வேலைகளைப் பாடத்துக்கும் ஆய்வுக்கும் பயன்படுத்தலாம் என்றுதான் இருந்தது. கடை திறக்கலாம் என்று இல்லை. பட்டியல் என்னுடையது. அனுமதி இல்லை என்று நான் ஒருத்தி சொன்னால் போதும். ஒரு வாரமாக இது எனக்குத் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்றும் தெரிந்தது. அப்படிச் சொன்னால் உதவித்தொகை நிற்கும்.

"முடியும்மா. ஆனா படிப்பு நின்னுடும்."

அம்மா நடக்க ஆரம்பித்தாள். "நிக்க வேணாம். தெரு போனா போவுது. கன்னியம்மாகிட்ட அவ தெருவுல ஒண்ணு கேட்டுக்கறேன். திட்டிட்டு குடுப்பா. படிப்ப யார்கிட்ட போயி கேப்ப நீ?"

தன் தெருவைவிட என் படிப்பு பெரிது என்று அவள் சொன்னபோதுதான் இந்த வாரம் முழுக்க இருந்ததைவிடப் பெரிய கோபம் வந்தது. எழுதத் தெரிந்த ஒருத்திக்காக எழுதத் தெரியாதவர்கள் எல்லாரும் நஷ்டப்பட வேண்டும் என்பதற்கா என்னை அங்கே அனுப்பினார்கள்? அம்மாவின் கையைப் பிடித்து மெயின் ரோட்டுக்கு இழுத்துப் போனேன்.

பிரவுசிங் சென்டர்காரர், "கூடைய வெளிய வெய்ங்கம்மா, ஏசி ரூமு" என்றார். கூடை வாசலில், அம்மா வாசலில், நான் உள்ளே. தட்டச்சு செய்ய அதிக நேரம் ஆகவில்லை. 'இந்தப் பட்டியலைத் தொகுத்தவள் நான். இதை வியாபாரத்துக்குப் பயன்படுத்த நான் அனுமதி கொடுக்கவில்லை, கொடுக்கவும் மாட்டேன். எல்லாப் பிரதிகளையும் அழித்துவிட்டு எனக்கு எழுத்தில் தெரிவியுங்கள். தவறினால் உங்கள் நாட்டு நீதிமன்றத்தில் உங்கள் நாட்டுச் சட்டத்தைக் கொண்டே வழக்குப் போடுவேன்.' நிறுவனத்துக்கும் பேராசிரியருக்கும் கத்ரினுக்கும் அனுப்பினேன். கீழே என் முழுப் பெயர்.

வெளியே வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அழித்துவிட்டால் அந்தக் கதவு திறக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. அம்மாவும் கேட்கவில்லை.

"அனுப்பிட்டியா?"

"அனுப்பிட்டேன்."

சும்மாட்டை என் தலையில் வைத்து அழுத்தினாள்.

"அப்ப தூக்கு. நாலாவது தெரு இன்னும் பாக்கி கீது."